குடல் பாக்டீரியாவும் பெருங்குடல் புற்றுநோயும்: மலப் பரிசோதனையில் தெரிவது எது, தெரியாதது எது?

3 ஜூன் 2025, காலை 7.40 | இழையைத் தொடங்கியவர்

பெருங்குடல் புற்றுநோயைப் பாக்டீரியாதான் உண்டாக்குகிறது என்று இப்போது நிறைய எழுதுகிறார்கள். ஃபியூசோபாக்டீரியம் என்கிறார்கள், கோலிபாக்டின் என்கிறார்கள். இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் காரணம் என்று கண்டுபிடித்தார்கள், இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள், வேலை முடிந்தது. பெருங்குடலிலும் அதே வழிதான் என்பது என் வாதம். மலத்தை அனுப்பினால் அதிலுள்ள பாக்டீரியாக்களைப் பட்டியல் போட்டுத் தரும் பரிசோதனைகள் வந்துவிட்டன. பட்டியலில் இவை இருந்தால் ஆன்டிபயாட்டிக், இல்லாவிட்டால் கவலை இல்லை. இதில் எங்கே தவறு?

3 ஜூன், காலை 9.15 | நுண்ணுயிரியல்

தொடர்பு உண்டு என்பது சரி. அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன ஒவ்வொன்றிலும் சிக்கல் இருக்கிறது.

முதலில் ஹெலிகோபாக்டர். மார்ஷலும் வாரனும் 1982இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தக் கதை தெளிவாக இருந்ததற்கு இடமும் ஒரு காரணம். இரைப்பை அமிலத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கக்கூடிய கிருமிகள் மிகக் குறைவு, சந்தேகப்பட ஒரே ஆள்தான் இருந்தான். பெருங்குடலில் ஒரு கிராம் மலத்துக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள், நூற்றுக்கணக்கான இனங்கள். இதில் ஒன்றைக் குறிவைத்துக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மற்றவற்றையும் சேர்த்தே அழிக்கும்.

அடுத்தது காலம். ஒரு சிறு பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். இன்றைய மலத்தில் இன்று இருப்பதுதான் தெரியும். முதல் மரபணு சிதைந்த நாளில் அந்தக் குடலில் யார் இருந்தார்கள் என்று அது சொல்லாது.

3 ஜூன், காலை 11.50 | நுண்ணுயிரியல்

சந்தேகத்துக்குரியவர்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வது நல்லது. எல்லோரையும் "கெட்ட பாக்டீரியா" என்ற ஒரே பையில் போடுவதுதான் குழப்பத்தின் வேர். ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு.

ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம்: வாயில், ஈறு இடுக்கில் வாழ்வது. ஆக்ஸிஜன் ஆகாது, கதிர்போல் இரு முனையும் கூர்மையான உடல். இரண்டு குழுக்கள் தனித்தனியாக வேலை செய்து, பக்கத்து ஆரோக்கியத் திசுவைவிடப் பெருங்குடல் கட்டித் திசுவில் இது கூடுதலாக இருப்பதை 2011 முடிவிலும் 2012 தொடக்கத்திலும் வெளியிட்டன. இதன் மேற்பரப்பில் இரண்டு ஒட்டுப் புரதங்கள் முக்கியம். ஃபாட்-ஏ குடல் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஈ-கேட்ஹெரினில் ஒட்டி, உள்ளே பீட்டா-கேட்டனின் என்ற வளர்ச்சிச் சமிக்ஞையைக் கிளப்புகிறது. ஃபாப்-2 புற்றுச் செல்லின் மேல் அதிகமாகக் காணப்படும் ஒரு சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. அது மட்டுமல்ல, புற்றைக் கொல்ல வரும் நோய் எதிர்ப்புச் செல்களின் டிஜிட் என்ற ஏற்பியிலும் ஒட்டி அவற்றின் கையைக் கட்டிவிடுகிறது.

பிகேஎஸ் கொண்ட ஈ. கோலை: சாதாரண ஈ. கோலைதான், ஆனால் சில வகைகளில் பிகேஎஸ் என்ற, சுமார் 54 ஆயிரம் எழுத்து நீளமுள்ள கூடுதல் மரபணுத் தொகுப்பு ஒன்று இருக்கும். அது கோலிபாக்டின் என்ற நச்சைத் தயாரிக்கிறது. இந்த நச்சு டிஎன்ஏவின் இரு இழைகளிலும் உள்ள அடினைன்களைப் பிடித்து ஒன்றோடொன்று தைத்துவிடும். தைத்ததைச் செல் பழுதுபார்க்கும்போது பிழை விழுகிறது. 2006இல்தான் இந்தத் தொகுப்பு முதலில் விவரிக்கப்பட்டது.

நச்சு சுரக்கும் பாக்டீராய்ட்ஸ் ஃப்ரஜிலிஸ்: இதன் நச்சு ஈ-கேட்ஹெரினையே வெட்டுகிறது. செல்களுக்கு இடையே இடைவெளி விழுந்து அழற்சி கிளம்புகிறது.

ஆகப் பிகேஎஸ் டிஎன்ஏவை நேரடியாகச் சிதைக்கிறது. ஃபியூசோபாக்டீரியம், பெரும்பாலும், முளைத்துவிட்ட கட்டிக்கு உரம் போடுகிறது. மூன்றாவது வேலியைப் பிரித்துவிடுகிறது. முதல் குற்றவாளி யார் என்று கேட்டால் என் கணக்கில் பிகேஎஸ்தான்.

3 ஜூன், மாலை 4.05 | திசு நோயியல்

மேலே உள்ளதில் "பெரும்பாலும்" என்ற சொல்லை அடிக்கோடிட விரும்புகிறேன். கட்டிக்குள் ஒரு பாக்டீரியா இருப்பதாலேயே அது கட்டியை உண்டாக்கியது என்றால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும். கட்டியின் மேற்பரப்பு புண்ணானது, ரத்தம் கசிவது, உள்ளே ஆக்ஸிஜன் குறைந்தது. ஆக்ஸிஜன் ஆகாத கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வந்து சேர்பவையும் உண்டு. 2012லேயே இதை "ஓட்டுநர்–பயணி" என்று பிரித்து ஒரு கருதுகோள் வந்தது: தொடக்கத்தில் சேதம் செய்யும் பாக்டீரியாக்கள் ஓட்டுநர்கள், மாறிய சூழலில் பிறகு குடியேறுபவை பயணிகள். கட்டியை வெட்டி எடுக்கும் நேரத்தில் ஓட்டுநர் இறங்கிப் போயிருக்கலாம்.

ஆனால் பயணி என்றால் தீங்கற்றது என்று பொருளில்லை. 2017இல் வந்த ஆய்வில், பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளிலும் ஃபியூசோபாக்டீரியம் உயிரோடு இருப்பது தெரிந்தது. அப்படிப்பட்ட மனிதக் கட்டியை எலிக்குப் பொருத்தி மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி மந்தமானது. மந்தமானது, மறையவில்லை. அதே ஆண்டில் இன்னொரு குழு, இந்தப் பாக்டீரியா புற்றுச் செல்களில் தன்னைத்தானே செரித்துப் பிழைக்கும் வழியைத் தூண்டிக் கீமோ மருந்துக்கு அசையாமல் ஆக்குகிறது என்று காட்டியது.

3 ஜூன், இரவு 8.30 | இழையைத் தொடங்கியவர்

அந்த எலி ஆய்வைத்தான் நானும் படித்தேன். அப்படியானால் மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்ப்பதில் என்ன தவறு?

4 ஜூன், காலை 6.55 | நுண்ணுயிரியல்

அந்த எலிகளுக்கு ஏற்கெனவே ஃபியூசோபாக்டீரியம் நிறைந்த கட்டி பொருத்தப்பட்டிருந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு முன்கூட்டியே கொடுப்பது முற்றிலும் வேறு கேள்வி. மெட்ரோனிடசோல் ஆக்ஸிஜன் ஆகாத பாக்டீரியாக்கள் எல்லாவற்றையும் அடிக்கும். பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும் ஃபீகாலிபாக்டீரியம், ரோஸ்பூரியா எல்லாம் அந்த வகைதான். பெருங்குடல் உள்தோலின் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 விழுக்காட்டைப் பியூட்டிரேட்டிலிருந்து பெறுகின்றன. களை எடுக்கப் போய்ப் பயிரைப் பிடுங்கியதாகிவிடும்.

இதற்கு எதிரான மனிதத் தரவும் இருக்கிறது. ஸ்வீடனில் 2021இல் வெளிவந்த தேசியப் பதிவேட்டு ஆய்வில், மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்குப் பெருங்குடலின் வலது, அதாவது தொடக்கப் பகுதியில் புற்று வரும் வாய்ப்பு 17 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் சிறுநீர்ப் பாதைக்கு மட்டும் வேலை செய்து, குடல் பாக்டீரியாவைத் தொடாத மெத்தினமின் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. இந்த ஒப்பீடு எனக்குப் பிடித்தது. காரணம் தொற்று அல்ல, குடல் பாக்டீரியாவின் கலைவுதான் என்ற பக்கம் அது சாய்கிறது. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், கவனிக்கும் ஆய்வுதான் அது.

4 ஜூன், காலை 10.20 | நுண்ணுயிரியல் (திருத்தம்)

நேற்று ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டத்தை ஒரே ஆளாக எழுதிவிட்டேன். அது சரியல்ல. அதற்குள் துணையினங்கள் உண்டு. அனிமாலிஸ் என்ற துணையினமே மரபணு அளவில் இரண்டு கிளைகளாகப் பிரிவதையும், பெருங்குடல் கட்டிகளில் மேலோங்கி இருப்பது அதில் சி-2 என்ற கிளை மட்டுமே என்பதையும் 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. சோதித்த கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் அது இருந்தது. அமிலத்தைத் தாங்கும் திறனும், குடல் உள்தோலில் கிடைக்கும் எத்தனாலமைன் போன்றவற்றைத் தின்னும் திறனும் இந்தக் கிளைக்குக் கூடுதல். விழுங்கிய எச்சிலோடு இரைப்பையைக் கடந்து பெருங்குடல் சேரக்கூடும் என்பதற்கு இது ஆதாரம். ரத்தம் வழியாகவும் கட்டியை அடைய முடியும் என்று எலிகளில் அதற்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம்? பழைய ஆய்வுகளில் "ஃபியூசோபாக்டீரியம் உண்டு, இல்லை" என்று எண்ணியதெல்லாம் இனம் அல்லது பேரின அளவில் எண்ணியது. வெவ்வேறு ஆய்வகங்களின் எலிகளில் முடிவுகள் ஒத்துப்போகாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒருவர் கட்டியிலிருந்து எடுத்த கிளையைப் புகட்டியிருப்பார், இன்னொருவர் வாயிலிருந்து எடுத்ததை. அதோடு, இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படும் ஏபிசி என்ற, கட்டியைத் தடுக்கும் மரபணு பழுதான எலிக்குக் கட்டிகள் பெரும்பாலும் சிறுகுடலில்தான் வரும். மனிதரின் பெருங்குடலுக்கு அது அரைகுறை மாதிரிதான்.

4 ஜூன், மதியம் 1.10 | அகநோக்கிப் பிரிவு

மலப் பட்டியல் பரிசோதனையைப் பற்றி. மாதிரி எடுக்கும்போதே கெட்டுப்போகும் இடங்கள் இவை.

கொலனாஸ்கோபிக்கு (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) குடலைக் கழுவும் மருந்து குடித்த பிறகு எடுத்த மலம் பயன்படாது. பாக்டீரியாத் தொகை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் பழைய நிலைக்குத் திரும்பும். ஆய்வுகளில் கழுவுவதற்கு முன்பே மாதிரி வாங்கிவிடுவார்கள். அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவரை மூன்று மாதம் தள்ளிவைப்பதும் வழக்கம்.

எல்லோரும் மறப்பது அமிலம் குறைக்கும் மாத்திரை. ஒமெப்ரசோல், பேன்டபிரசோல் வகைகளை எடுப்பவர்களின் மலத்தில் வாய்ப் பாக்டீரியாக்கள் கூடிவிடும், இரைப்பையில் அமிலத் தடுப்பு இல்லாததால். புற்றுநோயின் அடையாளம் என்று நாம் தேடுவதும் வாய்ப் பாக்டீரியாக்களைத்தான். நெஞ்செரிச்சல் மாத்திரையே புற்றுநோய்ச் சாயலை வரவழைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

4 ஜூன், மாலை 5.45 | நுண்ணுயிரியல்

அதற்குப் பிறகு ஆய்வகத்தில் கெடும் இடங்களையும் சேர்க்கிறேன்.

மலத்திலிருந்து டிஎன்ஏ பிரிக்கும்போது கண்ணாடி அல்லது சிர்கோனியா மணிகளோடு போட்டுக் குலுக்கிச் செல் சுவரை உடைக்க வேண்டும். பார்விமோனாஸ், பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை தடித்த சுவருள்ள கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்கள். மணியில்லாமல் ரசாயனத்தால் மட்டும் கரைத்தால் அவை பாதி உடையாமல் தங்கிவிடும். மெல்லிய சுவருள்ள ஃபியூசோபாக்டீரியம் எளிதில் உடையும், ஆகவே அதன் பங்கு ஊதிக்காட்டும். ஒரே மலம், இரண்டு செய்முறை, இரண்டு விடை.

அடுத்தது விழுக்காட்டுக் கணக்கு. ஒரு கிராமில் மொத்தம் 10,000 கோடி, அதில் ஃபியூசோபாக்டீரியம் 10 கோடி என்றால் 0.1 விழுக்காடு. பேதியில் மொத்தம் 5,000 கோடியாகக் குறைகிறது, ஃபியூசோபாக்டீரியம் அதே 10 கோடி. அறிக்கையில் 0.2 விழுக்காடு, "இரு மடங்கு உயர்வு" என்று சிவப்பில் வரும். அந்தப் பாக்டீரியா ஒன்றுகூடப் பெருகவில்லை. மொத்த எண்ணிக்கையைத் தனியாக அளக்காத எந்த அறிக்கையிலும் இந்தப் பிழை ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, 16எஸ் என்ற ஒரு மரபணுவின் ஒரு துண்டை மட்டும் படிக்கும் மலிவான முறை ஈ. கோலை வகைகளைப் பிரித்தறியாது. பிகேஎஸ் உண்டா இல்லையா என்பது அதில் வரவே வராது. அதற்கு முழு மரபணுவையும் படிக்க வேண்டும், இல்லையென்றால் சிஎல்பி-பி மரபணுவைக் குறிவைத்துத் தனிப் பிசிஆர் (ஒரு டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்ய வேண்டும். அந்தப் பிசிஆரில் உண்டு என்று வந்தாலும் பதற்றம் தேவையில்லை. 2012இல் வந்த ஆய்வில் ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் ஐந்தில் ஒருவரிடம் பிகேஎஸ் இருந்தது, பெருங்குடல் புற்றுநோயாளிகளில் மூன்றில் இரண்டு பேரிடம். வித்தியாசம் உண்மை. ஆனால் ஐந்தில் ஒருவர் சுமக்கும் ஒன்றை வைத்துத் தனி மனிதருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

5 ஜூன், காலை 8.00 | திசு நோயியல்

திசுவிலும் அதே எச்சரிக்கை. பயாப்சித் துண்டில் மனித டிஎன்ஏ மலைபோல், பாக்டீரியா டிஎன்ஏ கடுகளவு. சோதனைக்குப் பயன்படும் வினைப்பொருள்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கலந்திருக்கும் என்பது 2014 முதல் நன்றாகத் தெரிந்தது. மாதிரி போடாத வெற்றுக் குழாயையும் முதல் படியிலிருந்தே கூட நடத்தாவிட்டால் முடிவை நம்ப வேண்டாம். பல வகைப் புற்றுகளை அவற்றின் பாக்டீரியா டிஎன்ஏவைக் கொண்டே அடையாளம் காணலாம் என்று 2020இல் நேச்சரில் வந்த பெரிய கட்டுரை 2024இல் திரும்பப் பெறப்பட்டது. மனித டிஎன்ஏ துண்டுகள் பாக்டீரியா என்று தவறாக எண்ணப்பட்டதும், தரவைச் சமன்செய்யும் படியே செயற்கையான வேறுபாட்டை உண்டாக்கியதும்தான் பிழை. பெருங்குடல் கட்டியில் ஃபியூசோபாக்டீரியம் இருப்பது அந்தக் கட்டுரையை நம்பி நிற்கவில்லை. பிசிஆர், ஒளிரும் அடையாளச் சாயம், வளர்ப்பு மூன்றிலும் அது தனித்தனியாகத் தெரிந்தது.

சளிப்படலத்தைப் பார்க்க வேண்டுமானால் ஃபார்மலினில் போடாதீர்கள். ஃபார்மலினில் சளி சுருங்கிக் காணாமல் போகும். கார்னாய் கரைசலில் பதப்படுத்தினால்தான் சளியும் அதில் அமர்ந்த பாக்டீரியாக்களும் இருந்த இடத்திலேயே நிற்கும். 2014இல் இப்படிப் பார்த்தபோது வலப்பக்கக் கட்டிகளில் 89 விழுக்காட்டில் பாக்டீரியா உயிர்ப்படலம் (கூட்டமாக ஒட்டி வாழும் படலம்) இருந்தது, இடப்பக்கத்தில் 12 விழுக்காட்டில் மட்டும். பெருங்குடல் ஒரே குழாய் என்றாலும் இரண்டு பக்கமும் இரண்டு உலகம்.

5 ஜூன், மதியம் 12.30 | இழையைத் தொடங்கியவர்

சரி, மலப் பட்டியல் பற்றிய என் நம்பிக்கையைக் கைவிடுகிறேன். ஆனால் எல்லாம் சந்தேகம் என்றால், "தொடர்பு உண்டு என்பது சரி" என்று எந்தத் துணிவில் முதலில் சொன்னீர்கள்?

5 ஜூன், மாலை 6.15 | நுண்ணுயிரியல்

கோலிபாக்டின் விட்டுச்செல்லும் கைரேகையை வைத்து.

2020இல் செய்தது இது. மனிதக் குடலின் தண்டுச் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த குட்டிக் குடல் உருண்டைகளுக்குள், பிகேஎஸ் உள்ள ஈ. கோலையை ஊசியால் செலுத்தினார்கள். ஒரு முறை அல்ல, ஐந்து மாதம் திரும்பத் திரும்ப. ஒப்பீட்டுக்கு, அதே பாக்டீரியாவில் நச்சுத் தயாரிப்புக்குத் தேவையான ஒரே ஒரு மரபணுவை நீக்கிவிட்டு அதையும் இன்னொரு தொகுதிக்குச் செலுத்தினார்கள். பிறகு செல்களின் முழு மரபணுவையும் படித்தார்கள். நச்சு பட்டவற்றில் மட்டும் ஒரு குறிப்பிட்ட பிழை வடிவம் இருந்தது. அடினைன் அடர்ந்த பகுதிகளில் டி என்ற எழுத்து மாறியிருக்கும், டி வரிசையாக வரும் இடங்களில் ஒரு எழுத்து விடுபட்டிருக்கும். எஸ்பிஎஸ்-88, ஐடி-18 என்று இதற்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அதே வடிவம் நோயாளிகளின் கட்டிகளிலும் கிடைத்தது. பாக்டீரியா போய்விட்டாலும் அது செய்த காயத்தின் தடம் டிஎன்ஏவில் அழியாது. ஓட்டுநர் இறங்கிப் போனாலும் சக்கரத் தடம் தெரிகிறது.

2025 ஏப்ரலில் வந்த ஆய்வு இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனது. 11 நாடுகளிலிருந்து 981 பெருங்குடல் புற்று மரபணுத் தொகுதிகள். கோலிபாக்டின் தடம் 70 வயதைத் தாண்டி நோய் வந்தவர்களைவிட 40 வயதுக்குள் வந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகம். இந்தப் பிறழ்வுகள் எப்போது விழுந்தன என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் முதல் பத்து வயதுக்குள் போகிறது. ஆரோக்கியமான குடல் நுண்குழிகளை (உள்தோலில் உள்ள சிறு பள்ளங்கள்) தனித்தனியாகப் படித்த 2019 ஆய்விலும் இதே தடம் சிறுவயதைக் காட்டியது.

அதனால்தான் முதல் நாளே காலத்தைப் பற்றி எழுதினேன். எட்டு வயதில் விழுந்த காயத்துக்கு நாற்பது வயது மலத்தில் விடை தேடுகிறோம்.

5 ஜூன், இரவு 10.40 | நுண்ணுயிரியல்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். இரண்டு எச்சரிக்கைகளை விட்டுவிட்டேன். தடம் இருப்பதால் கட்டி அதனால்தான் வந்தது என்றாகாது. ஒரு நுண்குழியில் தடம் விழுந்தும் ஆயுள் முழுக்க ஒன்றும் நேராமல் போகலாம், 2019 ஆய்வில் பார்த்தவை அப்படிப்பட்ட சாதாரண நுண்குழிகள்தான். ஏபிசி என்ற காவல் மரபணுவைக் கெடுத்த பிழையே இந்த வடிவத்தில் அமைந்திருக்கும் கட்டிகளில்தான் வாதம் உறுதியாகிறது. அப்படியும் சில இருக்கின்றன, எல்லாம் அல்ல. இரண்டாவது, வயது கூடும்போது மற்றப் பிறழ்வுகளும் குவிகின்றன. முதியவர் கட்டியில் பழைய தடம் அந்தக் கூட்டத்தில் மங்கித் தெரியும் வாய்ப்பையும் எடைபோட வேண்டும்.

6 ஜூன், காலை 7.25 | திசு நோயியல்

நீங்கள் மறுபரிசீலனை செய்வதால் நானும் ஒன்று சேர்க்கிறேன். 2024இல் நேச்சர் மெடிசினில் வந்த பெல்ஜியக் குழுவின் ஆய்வு, 589 பேர். விழுக்காட்டை விட்டுவிட்டு எண்ணிக்கையையே அளந்தார்கள். மலம் குடலைக் கடக்கும் நேரம், கால்ப்ரொடெக்டின் என்ற அழற்சிப் புரதம், உடல் எடைக் குறியீடு மூன்றையும் கணக்கில் எடுத்தபோது, மலத்தில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டத்துக்கும் புற்றுநோய் நிலைக்கும் இருந்த தொடர்பு கரைந்துவிட்டது. பார்விமோனாஸ் மைக்ரா, பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ் அனரோபியஸ், டயலிஸ்டர் நியூமோசின்டிஸ் போன்ற சிலவற்றின் தொடர்பு நின்றது. கட்டித் திசுவில் கண்டதை இது பொய்யாக்கவில்லை. மலத்தை வைத்துக் கட்டியைக் கணிப்பதைத்தான் ஆட்டிவைக்கிறது.

6 ஜூன், மாலை 3.50 | இழையைத் தொடங்கியவர்

உணவு? புரோபயாடிக்?

6 ஜூன், மாலை 7.05 | நுண்ணுயிரியல்

உணவில்தான் மனிதத் தரவு கனமாக இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சியை 2015இல் அதே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்தது. தினம் 50 கிராமுக்குச் சுமார் 18 விழுக்காடு கூடுதல் அபாயம். சிவப்பு இறைச்சி, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற 2ஏ பிரிவில். நார்ச்சத்து தினம் 10 கிராம் கூடினால் அபாயம் சுமார் 10 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2011இல் ஒரு தொகுப்பாய்வு.

பாக்டீரியா இடையில் எங்கே வருகிறது என்பதற்கு 2015இல் நடந்த பரிமாற்றச் சோதனை நல்ல சான்று. அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். நார்ச்சத்து 50 கிராமுக்கு மேல் போனவர்களிடம் பியூட்டிரேட் உயர்ந்தது, இரண்டாம்நிலைப் பித்த அமிலம் குறைந்தது, குடல் உள்தோலின் செல் பெருக்க வேகமும் அழற்சியும் தணிந்தன. கொழுப்புக்கு மாறியவர்களிடம் எல்லாம் தலைகீழ். கொழுப்பைச் செரிக்க வரும் பித்தத்தைப் பாக்டீரியாக்கள்தான் டியாக்ஸிகோலிக் அமிலமாக மாற்றுகின்றன, அது உள்தோலை அரிக்கிறது. இரண்டே வாரத்தில் இவ்வளவு மாறும் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அளந்தது புற்றுநோயை அல்ல, அதன் முன்னோடிக் குறிகளை.

நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள். வேகமாக ஏற்றினால் வாயுவும் வயிற்று உப்புசமும் வந்து, பெரும்பாலானோர் இரண்டாவது வாரமே நிறுத்திவிடுகிறார்கள். குடல் சுருங்கி அடைபட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

புரோபயாடிக் பற்றி ஒன்றே ஒன்று. ஈ. கோலை நிஸ்ல் 1917 என்ற பழம்பெரும் புரோபயாடிக் வகையிடமே பிகேஎஸ் தொகுப்பு இருக்கிறது. புற்றுநோய்க்கு எதிராக என்று அதை வாங்குவதில் பொருளில்லை.

7 ஜூன், காலை 9.30 | அகநோக்கிப் பிரிவு

பாக்டீரியாவுக்குச் செலவிட நினைக்கும் பணத்தை மலத்தில் மறைந்த ரத்தத்தைத் தேடும் ஃபிட் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புரதம் என்பதால் உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை.

மலம் தண்ணீரில் விழக் கூடாது, காகிதமோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டுப் பிடியுங்கள். குச்சியின் வரிப்பள்ளம் உள்ள முனையால் மேற்பரப்பில் பல இடங்களில் கீறுங்கள். பள்ளங்கள் நிரம்பினால் போதும், கட்டியாக அள்ளிப் போட்டால் அளவு தப்பும். குழாயில் செருகி மூடி, நாள் எழுதி, உறையில் சொன்ன கெடுவுக்குள் கொடுங்கள். வெயிலில் வைத்தால் ஹீமோகுளோபின் சிதைந்து, ரத்தம் இருந்தும் இல்லை என்று வரும். மாதவிடாய் நாளிலும் மூலத்தில் ரத்தம் கசியும்போதும் எடுக்க வேண்டாம்.

சுமார் 10,000 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் ஒருமுறை ஃபிட் செய்தது புற்றுநோயில் 73.8 விழுக்காட்டைப் பிடித்தது. முற்றிய பாலிப்களில் 23.8 மட்டும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ திரும்பச் செய்தால்தான் பயன். ஃபிட் உண்டு என்று வந்தால் "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று மறுபடி ஃபிட் செய்யாதீர்கள். இரண்டாவது இல்லை என்று வருவது முதலாவதை ரத்து செய்யாது. பாலிப் தினமும் கசிவதில்லை. நேராகக் கொலனாஸ்கோபிதான்.

மலத்தில் கண்ணுக்கே ரத்தம் தெரிந்தால், வாரக்கணக்கில் மலப்போக்கு மாறினால், காரணமில்லாமல் இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை வந்தால், ஃபிட் முடிவு எதுவாக இருந்தாலும், வயது எதுவாக இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். இளம் வயதில் தாமதம் பெரும்பாலும் "மூலமாக இருக்கும்" என்ற ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

7 ஜூன், மதியம் 2.20 | இழையைத் தொடங்கியவர்

அப்படியானால் ஒரு பாக்டீரியாவைக் கண்டதும் மருத்துவர் உடனே பெருங்குடலைப் பார்க்கச் சொல்லும் நிலை இன்றைக்கு எதிலுமே இல்லையா?

7 ஜூன், மாலை 5.00 | நுண்ணுயிரியல்

ஒன்றே ஒன்றில் இருக்கிறது. அது மலத்தில் அல்ல, ரத்தத்தில். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்று பழைய நூல்களில் வரும். இதய வால்வில் தொற்றாக வந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று சேர்ந்திருப்பதை 1951லேயே எழுதினார்கள், 1977இல் உறுதியானது. இன்றைய பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிடிகஸ். ரத்த வளர்ப்பில் இது வந்தால், வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் தொற்று அடங்கியதும் கொலனாஸ்கோபி செய்ய வேண்டும். இதய வால்வையும் எக்கோவில் பார்க்க வேண்டும்.

இங்கே ஆய்வக அறிக்கையின் ஒரு சொல் முக்கியம். "போவிஸ் குழு" என்று மட்டும் எழுதினால் சேதி தொலைந்துவிடும். பெருங்குடலோடு உறுதியாகக் கட்டுண்டது கேலோலிடிகஸ் துணையினம் கேலோலிடிகஸ், பழைய கணக்கில் முதல் உயிர்வகை. பாஸ்டூரியானஸ் துணையினம் பித்தப்பை, பித்தநாளம், பச்சிளங்குழந்தை மூளைக்காய்ச்சல் பக்கம் சாயும். பாக்டீரியாவை அடையாளம் காணும் நிறை நிறமாலைக் கருவி சில வேளை இரண்டையும் குழப்பும். அப்போது சோட்-ஏ மரபணுவைப் படித்துத் துணையினம் வரை எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.